‘அம்மாள்’ குடும்பப் பெயர் இல்லை

மெரினாவைப் பார்த்தபடி முன்பக்கம் வளைந்து நிற்கும் அந்தக் கட்டடத்துக்குச் சென்னையில் இரண்டு பெயர். வாயில் வருவது ஐஸ் ஹவுஸ். பலகையில் இருப்பது விவேகானந்தர் இல்லம். 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கிவைத்த கிடங்கு என்பதால் முதல் பெயர். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார் என்பதால் இரண்டாவது. அதையும் 1963-ல்தான் வைத்தார்கள். நடுவில் அங்கே வேறொன்று நடந்தது. சகோதரி சுப்பலட்சுமி 1912-ல் எழும்பூரில் சில குழந்தை விதவைகளோடு தொடங்கிய விடுதி, 1917 வாக்கில் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த பெண் குழந்தைகள் இருபது வருஷத்துக்கு மேல் இந்த வளைந்த சுவருக்குள் தூங்கி எழுந்து, பாடம் படித்து, பயிற்சி முடித்து, டீச்சர்களாக வெளியூர் போனார்கள். பனிக்கட்டிக்கு ஒரு பெயர் கிடைத்தது, ஒன்பது நாளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. இந்த இருபது வருஷத்துக்கு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்ற கட்டோடு நடந்தது என்று குறை சொல்பவர்கள் உண்டு, சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் குறை சொல்லவாவது அப்படி ஒன்று நடந்தது தெரிய வேண்டுமே.

மார்ச் மாதம் வந்தால் மறக்கப்பட்ட பெண்கள் பற்றி எழுதச் சொல்லிக் கேட்பார்கள். பட்டியல் எப்போதும் அதே பத்துப் பேர். ஏன் என்று கேட்டால் பதிலும் அதேதான்: “எழுதலாம் சார், ஆதாரம் கிடைக்க மாட்டேங்குது.” இந்தப் பதில்தான் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. கடந்த நூற்றைம்பது வருஷச் சென்னையைப் பொறுத்தவரை இது பாதிக்குப் பாதி பொய். காகிதம் இருக்கிறது. எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, கன்னிமாராவில் இருக்கிறது, தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய மாத இதழ்களாக இருக்கிறது. தேடுகிறவர் எந்தப் பெயரைத் தேடினார், எந்தத் தலைப்பின் கீழ்த் தேடினார் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

எந்த எழுத்தின் கீழ்?

இ.கே. ஜானகி அம்மாளைப் பார்ப்போம். தலச்சேரியில் 1897-ல் பிறந்தவர். ராணி மேரிக் கல்லூரியில் படித்து, 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்து, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவந்து, கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்தவர். கடைசிக் காலத்தில் மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக் களத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே 1984-ல் காலமானார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தினமும் மதுரவாயலைக் கடந்து போகிறவர்களில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. நூலட்டவணையில் இவர் எங்கே இருப்பார் என்பதுதான் என் கேள்வி. இ.கே. என்பது எடவலத்து கக்காட்டு என்ற வீட்டுப் பெயர். சொந்தப் பெயர் ஜானகி. ‘அம்மாள்’ நாம் மரியாதைக்குச் சேர்ப்பது. வெளிநாட்டில் அட்டவணை போடுகிறவருக்கோ கடைசியில் நிற்கும் சொல்தான் குடும்பப் பெயர். ஆக ‘அம்மாள், இ.கே. ஜானகி’ என்று அ வரிசைக்குப் போய்விடுவார். இன்னொருவர் ஜானகி என்று ஜ-வில் வைப்பார். ஒரே ஆளின் வேலை இரண்டு மூன்று அட்டைகளுக்குள் சிதறிப்போகும். இந்தக் கணக்கில் வீணை தனம்மாளும் நடனம் ஆடிய மைலாப்பூர் கௌரி அம்மாளும் ஜானகி அம்மாளும் ஒரே குடும்பம்.

இன்னொரு குழியும் இங்கேயே இருக்கிறது. பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் திரட்டிய பெரிய நூலை 1945-ல் ஆங்கிலேய விஞ்ஞானி டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து வெளியிட்டார்கள். அதன் இரண்டாம் பதிப்பு 1955-ல், தலைப்பில் பயிர்த் தாவரம் என்பது பூக்கும் தாவரம் என்று மாறி, டார்லிங்டன், வைலி என்ற இரு பெயர்களோடு வந்தது. (அந்த வைலியும் பெண்தான், ஆன் வைலி. அது தனிக் கதை.) பின்னால் வந்த பதிப்புதான் நல்ல பதிப்பு என்று அதை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டினால் ஜானகியின் பெயர் சத்தமில்லாமல் கழன்றுவிடும். ஒரு பெண்ணின் பெயரை எந்த நூலில் தேடினாலும் முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தமிழில் வேறு தொல்லை. முதலெழுத்து. வை.மு. கோதைநாயகி அம்மாள் திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார், நூற்றுக்கும் மேல் நாவல் எழுதினார். வை.மு. என்பது வைத்தமாநிதி முடும்பை, புகுந்த வீட்டுப் பெயர். ஐந்தரை வயதில் கல்யாணமானவருக்குப் பிறந்த வீட்டு முதலெழுத்தோடு எந்தக் காகிதமும் இருக்க வாய்ப்பே இல்லை. முதல் நாடகத்தை அவர் தன் கையால் எழுதக்கூட இல்லை. எழுத வராத காலம். அவர் சொல்லச் சொல்ல எழுதித் தந்தவர் தோழி பட்டம்மாள். கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்து, அதன் கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று முடிவுகட்டினால் பட்டம்மாள்தான் ஆசிரியர் என்று ஆகிவிடும். பெண்களின் எழுத்தில் சொன்னவர் வேறு, எழுதியவர் வேறு என்பது இங்கே சாதாரணம். அதை விசாரிக்காமல் நூலாசிரியரைத் தீர்மானிக்கக் கூடாது.

முதலெழுத்து என்றால் அப்பாவோ கணவரோ என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. எம்.எஸ். சுப்புலட்சுமியின் எஸ், அம்மா சண்முகவடிவு. இசைவேளாளர் குடும்பங்களில் தாய்வழிதான் பேச்சு. அங்கே போய்த் தந்தை பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் ஒரு தலைமுறையே கைநழுவிப் போகும். அதே சமயம் விதவை விடுதி சுப்பலட்சுமி ஆர்.எஸ்.; அவருக்கு எஸ் அப்பா சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலத்தில் சுப்பலட்சுமி, சுப்புலட்சுமி இரண்டையும் எப்படி வேண்டுமானாலும் எழுதுவார்கள் என்பதால், கணினித் தேடலில் எம்.எஸ். வந்து இவரை மூடிவிடுவார். ‘சிஸ்டர்’ என்ற பட்டத்தை முன்னால் போட்டுத் தேடினால்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரியும்.

முத்துலட்சுமி ரெட்டிக்கு ‘ரெட்டி’ 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்த பிறகு வந்தது. அவர் மருத்துவக் கல்லூரியை முடித்தது 1912-ல். ஆகவே கல்லூரிப் பதிவுகளில் ரெட்டியைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. பிறகும்கூட ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் கடைசி எழுத்து சில இடத்தில் ஐ, சில இடத்தில் ஒய். இந்திய ஆட்சிப் பணியின் முதல் பெண் அதிகாரி 1951-ல் சென்னை மாநிலத்துக்கு வந்தபோது அன்னா ராஜம் ஜார்ஜ். பின்னால் பம்பாய் அருகே நவ சேவா துறைமுகத்தைக் கட்டி எழுப்பியவர் என்று படிக்கும்போது அன்னா ராஜம் மல்ஹோத்ரா. ஆரம்பத்தில் அவர் வேலை பார்த்த ஓசூர்ப் பக்கத்துக் கோப்புகளில் மல்ஹோத்ராவைத் தேடினால் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்காது.

அதனால் நூலகத்துக்குப் போகும் முன்பே ஒரு முழுத்தாளில் பெயர்களை எழுதிக்கொள்வது நல்லது. வீட்டில் கூப்பிட்ட பெயர், கல்யாணத்துக்கு முன் முதலெழுத்து, பின் முதலெழுத்து, அம்மாவின் பெயர், கணவரின் முழுப்பெயர், அவர் பெயரோடு மிஸஸ் சேர்த்த வடிவம், அம்மாள், அம்மையார், பாய், தேவி என்று ஒட்டக்கூடிய வால்கள், தெலுங்கர் என்றால் வீட்டுப் பெயர் முன்னால் வந்த வடிவம். விடுதலைப் போராட்ட வீரர் ருக்மிணி லட்சுமிபதி ஒருவருக்கே மிஸஸ் லட்சுமிபதி, ஆசண்ட ருக்மிணி, ருக்மிணி அம்மாள் என்று மூன்று கதவு தட்ட வேண்டும். அவர் பெயரில் எழும்பூரில் ஒரு சாலையே இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் மார்ஷல்ஸ் ரோடு என்று சொன்னால்தான் வண்டி நகரும் என்பது வேறு விஷயம். பத்திரப்பதிவுக் காகிதங்களில் பெண்ணின் பெயர் ‘இன்னார் பாரியாள்’, ‘இன்னார் பெண்சாதி’, ‘இன்னார் சம்சாரம்’ என்று கணவர் பெயருக்கு அடுத்து வரும். கணவர் பெயரைப் பிடித்தால் மனைவி கிடைப்பாள். நேராக மனைவியைத் தேடினால் இருவருமே கிடைக்க மாட்டார்கள்.

பட்டமளிப்புப் பட்டியலை நம்பி உட்காருவதும் கூடாது. வானிலைக் கருவிகளுக்காக இன்று பேசப்படும் அன்னா மணி, மாநிலக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளியியல் பற்றி ஐந்து கட்டுரை எழுதி, டாக்டர் பட்ட ஆய்வேட்டையும் முடித்தார். அப்போது பட்டம் தர வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகம். எம்.எஸ்ஸி. இல்லை என்று கொடுக்கவில்லை. ஆய்வேடு இன்னமும் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லை, அலமாரியில் இருக்கிறது.

காசு, கட்டடம், சண்டை

அரசாணைகளில் ‘பெண்கள்’ என்று ஒரு தலைப்பு இருக்கும் என எதிர்பார்த்துப் போகிறவர் அன்று மாலையே ஏமாந்து திரும்புவார். கோப்பு துறைவாரியாக அடுக்கப்பட்டது. ஒன்றை எடுக்க எண், துறை, தேதி மூன்றும் வேண்டும். ஒன்று பிசகினாலும் சீட்டு வெறுமனே திரும்பிவரும். விதவை விடுதிக்கு அரசு காசு கொடுத்தது என்றால் அது கல்விச் செலவு. 1920-களில் கல்வி, சட்டத் துறையின் ஒரு பிரிவாக இருந்தது என்பது தெரியாவிட்டால் எண் சரியாக இருந்தும் துறை தப்பாகும். கட்டடத்துக்குக் கூரை மாற்றினார்கள் என்றால் தேட வேண்டிய இடம் பொதுப்பணி. நிலம் வாங்கினார்கள் என்றால் வருவாய். ஒரு பெண் நடத்திய எந்த அமைப்பாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது மூன்று கேள்வி: வாடகை யார் கொடுத்தது, மானியம் எங்கிருந்து வந்தது, கட்டடம் யாருடையது. லட்சியத்தைப் பற்றி யாரும் கோப்பு போட மாட்டார்கள். வாடகை பாக்கிக்குப் போடுவார்கள்.

அதைவிட நல்ல காகிதம் கிடைப்பது சண்டை நடந்த இடத்தில். பெங்களூர் நாகரத்தினம்மாளைத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவராக இசை ரசிகர்களுக்குத் தெரியும். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்தபோது தனியாகப் பெண்கள் கோஷ்டி சேர்த்து நடத்தியவர் என்பதும் கொஞ்சம் தெரியும். அவர் சென்னையில் இருந்தபடி செய்த பதிப்பாசிரியர் வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியம் எழுதினார். 1887-ல் அதை அச்சில் கொண்டுவந்தவர் சில பாடல்களை விட்டுவிட்டார். கூடவே முன்னுரைப் பகுதியையும் எடுத்துவிட்டார். அந்த முன்னுரையில்தான் முத்துப்பழனி தன் பாட்டி, அத்தை வழியாக வந்த புலமையைச் சொல்லியிருந்தார்.

விடப்பட்டதை ஒருதரம் நிதானமாகப் பாருங்கள். சிருங்காரம் அதிகம் என்று சில பாடல்களை நீக்கினார் என்றால் அந்தக் காலத்துக் கூச்சம் என்று ஒதுக்கிவிடலாம். பாட்டியும் அத்தையும் என்ன ஆபாசம்? நூல் இருக்கிறது, எழுதியவர் பெயரும் அட்டையில் இருக்கிறது. அவர் எந்தப் பெண்களிடமிருந்து வந்தார் என்ற ஒன்று மட்டும் இல்லை. அது போய்விட்டால் முத்துப்பழனி ஆகாயத்திலிருந்து விழுந்த அதிசயம். ஒரு பெண் எப்படியோ எழுதிவிட்டாள், அவ்வளவுதான். நாகரத்தினம்மாள் அச்சுப்பிரதியில் குறை இருப்பதைக் கண்டுபிடித்து, சுவடியைத் தேடி, ஒப்பிட்டு, விட்டதைச் சேர்த்து 1910-ல் சென்னை வாவிள்ள அச்சகம் மூலம் முழுசாக வெளியிட்டார். அடுத்த வருஷமே ஆபாசம் என்று போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. தடை போட்டவர்கள் செய்த ஒரே உபகாரம், அதற்காகக் கடிதமும் குறிப்பும் எழுதிவைத்தது. யாரும் தடுக்காத புத்தகத்துக்கு அரசாங்கத்தில் இவ்வளவு காகிதம் சேர்ந்திருக்காது. தேவதாசி ஒழிப்பை முத்துலட்சுமி 1927-ல் சட்டசபைக்குக் கொண்டுபோனபோதும் அப்படித்தான். அவர் பேச்சு நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது, அவரே 1930-ல் தன் சட்டசபை அனுபவத்தைப் புத்தகமாகவும் போட்டார். எதிர்த்து மனுக் கொடுத்த தேவதாசிப் பெண்களின் தரப்பைத் தேட வேறு கட்டுக்குப் போக வேண்டும். இரண்டையும் படிக்காமல் அந்தச் சரித்திரத்தை எழுதுகிறவர் ஒரு பக்கத்துப் பெண்களைத் தானே அழிக்கிறார்.

‘முதல்’ என்னும் வியாதி

மறதிக்கு மருந்து என்று நாம் கண்டுபிடித்தது ‘முதல் பெண்’. இதில்தான் தவறு அதிகம். முத்துலட்சுமியை இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று இன்னும் எழுதுகிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்தது; அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் 1885-ல் தொடங்கியதுதான் பிற்பாடு திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி ஆனது. கிருபாபாய் சத்தியநாதன் அதே கல்லூரியில் 1878-ல் சேர்ந்து, உடம்பு முடியாமல் விட்டு, நாவலாசிரியர் ஆனார். வங்காளத்துக் காதம்பினி கங்குலி 1886-லேயே டாக்டர். முத்துலட்சுமிக்கு இந்தப் பொய் தேவையும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குப் போன முதல் பெண் என்பது போதும். அங்கேயும் ‘பிரிட்டிஷ்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் திருவிதாங்கூரின் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் முன்னால் வந்து நிற்பார். தாரா செரியன் 1957-ல் சென்னையின் முதல் பெண் மேயர், சரி; இந்தியாவின் முதல் என்று நீட்டினால், 1956-ல் பம்பாய் மேயரான சுலோசனா மோடி எங்கே போவார்? எந்த இடம், எந்த வருஷம், தேர்வா நியமனமா, சேர்ந்தாரா முடித்தாரா என்ற நான்கும் இல்லாத ‘முதல்’ஐ அச்சில் போடாமல் இருப்பதே மேல். ஒருவரை உயர்த்தப் போய் அவருக்கு முன்னால் இருந்த நாலு பேரை நாமே கிணற்றில் தள்ளுகிறோம்.

எனக்கு ‘முதல்’களைவிட அந்த நேரத்தில் திணறிப்போன படிவங்கள்தான் பிடிக்கும். 1940-களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஏ. லலிதா, தெரசியா, லீலாம்மா மூவரும் பட்டம் வாங்கியபோது, சான்றிதழில் ஏற்கெனவே அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டு மேலே பெண்பாலை எழுத வேண்டியிருந்தது. ஒரு பெண் வருவாள் என்று அச்சடித்தவர் நினைக்கவே இல்லை. பழைய படிவங்களைப் பார்க்கும்போது அடித்தல் திருத்தலை விட்டுவிட்டு மேலே படிக்காதீர்கள். சேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எழுபத்துமூன்று

யாராவது வேலை செய்ய ஆசைப்பட்டால் இங்கே ஒன்று அரைகுறையாகக் கிடக்கிறது. 1938 நவம்பர் 13, சென்னை ஒற்றைவாடை அரங்கு. நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடி, ஈ.வெ.ரா.வை இனிப் ‘பெரியார்’ என்றே அழைப்பது என்று தீர்மானம் போட்டது. இந்த ஊர் நாள் தவறாமல் உச்சரிக்கும் ஒரு பெயர் அந்தப் பெண்கள் வைத்தது. மறுநாளே டாக்டர் தர்மாம்பாளும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் இன்னும் சிலரும் இந்து தியாலஜிகல் பள்ளி முன் இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து கைதானார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை போன பெண்கள் 73 பேர், அவர்களோடு உள்ளே போன குழந்தைகள் 32 என்று புத்தகங்களில் எண் இருக்கிறது. சிறையில் இறந்த தாளமுத்து, நடராசன் இருவர் பெயரிலும் காந்தி இர்வின் சாலையில் மாளிகை நிற்கிறது, நிற்க வேண்டியதுதான். அதே சாலையில் உள்ள காப்பகத்தில் வேலை நேரத்தில் போய் உட்கார்ந்தால் 73-ஐப் பெயர்களாக மாற்ற ஆரம்பிக்கலாம்.

செய்ய வேண்டியது சிக்கலானது இல்லை, பொறுமை கேட்பது. 1938 நவம்பர் 14-லிருந்து ‘விடுதலை’, ‘குடிஅரசு’ இரண்டையும் தேதிவாரியாகப் புரட்ட வேண்டும். பெயருக்கு ஒரு அட்டை: அச்சில் உள்ளபடியே பெயர், ஊர், கணவர் அல்லது தந்தை பெயர், கைதான தேதி, தண்டனை, எந்தச் சிறை. எழுத்துப்பிழை என்று தோன்றினாலும் திருத்தக் கூடாது, பக்கத்தில் சந்தேகக்குறி போட்டுவிட்டு நகர வேண்டும். ஒரே அம்மாள் கைதாகும்போது ஒருதரம், தண்டனையின்போது ஒருதரம், விடுதலையாகி வரவேற்புக் கூட்டத்தில் ஒருதரம் வருவார். மூன்று இடத்திலும் எழுத்து மாறும். அங்கே அட்டை மூன்றானால் எண்ணிக்கை 73-ஐத் தாண்டிப் போகும். எதிர்த்திசையில், இரண்டு பட்டம்மாள்களை ஊர் பார்க்காமல் ஒன்றாக்கினால் ஒருவர் மறைந்துபோவார். சுயமரியாதைப் பத்திரிகைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘தோழர்’ என்றே போடும். பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கியிருந்தால் ஆளைத் தெரியாது; அவற்றைத் தனிக் கட்டாக வைத்து, கடைசியில் தண்டனைச் செய்தியோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ‘கைக்குழந்தையுடன்’ என்று ஒரு சொல் வரும், பெரும்பாலும் வரியின் கடைசியில், பெயர் இல்லாமல். அதையும் தாயின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். 32-க்கு வேறு கணக்கு கிடையாது.